இடது கைகளைக் கூப்பிட்டவள்

சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்ல அவளுக்கு வராது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று பலர் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பிறகுதான் அது அவள் உடம்புவாகு என்று புரிந்தது. சிலருக்குப் புளிப்பு ஆகாது, சிலருக்கு வெயில் ஆகாது. அவளுக்கு இது ஆகாது.

அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவளிடம் கேட்டிருந்தால், "எழுதுக்கா, இன்னா பண்ணிடப் போறாங்க" என்றிருப்பாள். எனக்குத்தான் அவ்வளவு தைரியம் போதாது. நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வராது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒரகடத்தில் போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் நாங்கள் ஒரே லைனில் இருந்தோம். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். வடக்குப்பட்டுப் பக்கம் சொந்த ஊர். அப்பா இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போய், சர்ச்சில் பெருக்கித் துடைத்து வளர்த்தார். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். சின்ன உருவம். ஸ்குரூ டிரைவரைக் காதுக்கு மேலே செருகிக்கொள்வாள். சூப்பர்வைசர் பார்த்தால் திட்டுவார். எடுப்பாள், அவர் தலை திரும்பியதும் மறுபடியும் செருகுவாள்.

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆடிட்டர் வருவார்கள். வேலை செய்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போனால்தான் அடுத்த ஆர்டர். அதற்கு முதல் நாள் எங்களை எல்லாம் கேன்டீனில் உட்கார வைத்து எச்.ஆர். தம்பி பாடம் எடுப்பார். "குடிக்கத் தண்ணி இருக்கா? இருக்கு சார். ஓ.டி. பண்ணச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்துறாங்களா? இல்ல சார், விருப்பப்பட்டுத்தான். எங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பாப்போம்." நாங்கள் சேர்ந்து சொல்வோம். ஓ.டி. விருப்பம்தான். ஆனால் எங்கள் பஸ் ஓ.டி. முடிந்த பிறகுதான் புறப்படும். விருப்பம் இல்லாதவர்கள் அந்த இருட்டு ரோட்டில் நடந்து போகலாம்.

அந்த முறை வந்தது ஒரு வெள்ளைக்காரம்மா. லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்து சரியாக அவள் முன்னால் நின்றார். எச்.ஆர். தம்பிதான் மொழிபெயர்ப்பு.

"ஓ.டி. விருப்பப்பட்டுத்தான் பண்றீங்களான்னு கேக்குறாங்க" என்றார் அவர்.

"நேத்து நீங்க சொல்லிக் குடுத்ததைச் சொல்லட்டா சார், நடக்குறதைச் சொல்லட்டா?"

எச்.ஆர். தம்பி சிரித்த முகம் மாறாமல் அந்த அம்மாவிடம் இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"சார், நான் ஒரு வரிதான பேசினேன். நீங்க ஒரு பக்கம் பேசுறீங்க. இன்னா சொன்னீங்க?"

அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கண் இருந்தது. எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவள் தனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கூட்டிப் பிடித்தாள். "ஓவர்டைம், கம்பல்சரி. நோ ஓவர்டைம், நோ பஸ்."

மறுநாளிலிருந்து எங்கள் லைனுக்கு ஓ.டி.யே இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் அவள்மேல் கோபம். ஓ.டி. பணத்தை நம்பித்தான் பாதி வீடு ஓடிக்கொண்டிருந்தது. லைனில் எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி கை கழுவுமிடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கின்னா, புள்ளையா குட்டியா? உன் வாய்க்கு எங்க சோத்துல மண்ணு."

"எனக்கும் ஓ.டி. வேணும்க்கா. ஆனா ஒடம்பு முடியலன்னா வேணாம்னு சொல்லிட்டுப் போறதுக்கு ஒரு பஸ்ஸும் வேணும்."

ஒரு மாதம் போல இழுத்தது. பிறகு ஓ.டி. திரும்ப வந்தது. கூடவே ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஒரு சின்ன பஸ்ஸும் வந்தது. முதல் நாள் அதில் அவளும் இன்னும் இரண்டு பேரும்தான் ஏறினார்கள். கொஞ்ச நாளில் அதில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அவளைத் திட்டினவளும் அதில்தான் வந்தாள். நன்றி என்று யாரும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்தது போலத் தெரியவில்லை.

அவளை மட்டும் லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாப்பாட்டு நேரத்தில் பாவமாக இருந்து, கால் வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குதுக்கா. ஆனா இங்க ஜன்னல் கீது."

எப்போதும் இப்படித்தான். அவளைப் பெண் பார்க்க வந்தபோது நானும் போயிருந்தேன். சமையல் எல்லாம் தெரியும் என்று சொல்லும்படி அவளுடைய அத்தை காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். இவள் யோசித்துவிட்டு, "ரசம் வெப்பேன் ஆன்ட்டி. மத்ததுக்கு மெஸ்ஸுதான்" என்றாள். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வரவில்லை. அத்தை அதற்கு அப்புறம் இவளிடம் பேச வெகுநாள் ஆயிற்று.

அவளோடு இருப்பது சுலபம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், நிஜமாகவே எப்படி இருக்கிறது என்று சொல்வாள். நான் ஒரு மஞ்சள் புடவையை அதோடு மடித்து வைத்தவள்.

ஒரு நாள் வந்து, டீச்சருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். பி.எட். சேர்ந்து, சமூக அறிவியல் டீச்சர் ஆக வேண்டும், உயர்நிலைப் பள்ளியில்.

"கணக்கு, சயின்ஸ்னா வேலை சீக்கிரம் கிடைக்குமாமே" என்றேன்.

"கணக்குல ஒரு பதில்தான்க்கா. சோசியல்ல நம்ம பதிலும் கீது."

அவள் பேசின காலேஜில், வகுப்புக்கு வராமலே பி.எட். முடிக்க ஒரு வழி இருந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டால் பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், வருகைப் பதிவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேலைக்குப் போகிற நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆபீஸில் இருந்தவர் உதவி செய்கிற எண்ணத்தில்தான் இவளிடமும் சொல்லியிருக்கிறார்.

"வராமயே எப்பிடி சார் டீச்சர் ஆவுறது? அப்பறம் வராத புள்ளைய நான் இன்னான்னு கேப்பேன்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

கம்பெனியில் போய், தனக்கு நைட் ஷிப்டே நிரந்தரமாகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். எல்லாரும் நைட் வேண்டாம் என்று அழுகிற இடத்தில் இவள் கேட்டதைப் பார்த்து சூப்பர்வைசரே பயந்துபோனார். இரண்டு வருடம் பகலில் காலேஜ், ராத்திரியில் கம்பெனி. காலேஜில் தூங்கி விழுவாளாம். விழித்ததும் எழுந்து நின்று, "தூங்கிட்டேன் மேடம், நடுவுல இன்னா சொன்னீங்க?" என்று கேட்பாளாம். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கின மற்றவர்களுக்கு அதில் மெத்த சங்கடம்.

வகுப்புக்கு வேண்டிய சார்ட்டுகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் வரைந்தே விற்பார்கள். பள்ளிகளில் பாடம் நடத்திப் பழகப் பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து தாங்கள் வரைந்தது என்று மாட்டுவார்கள். இவள் தானே வரைந்தாள். அவளுக்குப் படம் சுத்தமாக வராது. அவள் வரைந்த இந்தியா காம்பு கிள்ளிய கத்தரிக்காய் போல இருந்தது. அதைத்தான் கொண்டுபோய் மாட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். "எங்க தப்புன்னு வந்து சரி பண்ணுங்க" என்று பென்சிலைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு வகுப்புக்கு அப்புறம் பார்த்தபோது ஓரளவு இந்தியா மாதிரிதான் இருந்தது.

அதற்குள் கம்பெனியில் என் கான்ட்ராக்ட் முடிந்து, எங்கள் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அவள் மண்ணூரில் என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தாள். ஷிப்டுக்குப் போகும் முன் சாயங்காலம் வந்து என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்ப்பாள்.

"அக்கா, நீ ஒம்பதாங்கிளாஸு. சொல்லு, ஜனங்க ஏன் ஊரை வுட்டு ஊரு போறாங்க?"

எனக்கு அந்த வயதிலேயே கேள்வி கேட்டால் வாய் கட்டிக்கொள்ளும். மற்ற டீச்சர்கள் என்றால் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். இவள் போகமாட்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தாலும் நிற்பாள்.

"தெரியலம்மா" என்பேன் கடைசியில்.

"அது போதும்க்கா. தெரியலன்னு சொன்னியே, இனிமே நான் பேசலாம்."

பயிற்சிக்கு அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததும் நான் வேலை செய்த அதே பள்ளிதான். கூட இன்னும் நாலு பெண்கள். முதல் நாள் எல்லாரும் ஒரே மாதிரிப் புடவையில் வந்து இறங்கினார்கள். இனி டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "வாங்க டீச்சர்" என்றதும் அவள் அத்தனை பேர் எதிரில், "இன்னாக்கா, நல்லாதான கீற? நேத்து கூட நீதான வா போன்னு பேசின" என்றாள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது அந்தப் பரீட்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சியின் முடிவில் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வருவார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தரும் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார்கள். இதில் தேறாவிட்டால் மற்ற எல்லாத் தாளிலும் நல்ல மார்க் வாங்கியிருந்தாலும் பி.எட். கிடையாது. பி.எட். இல்லாமல் டீச்சர் இல்லை. இரண்டு வருடத் தூக்கத்தையும் அவள் வைத்திருந்தது அந்த ஒரு வகுப்பின் மேல்தான்.

எங்கள் பள்ளியில் இதற்கென்று ஒரு ஏற்பாடு இருந்தது. வேறு பள்ளிகளிலும் உண்டு என்று கேள்வி. யாராவது பார்க்க வருகிற அன்று, கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவார். பின்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கு வகுப்பே கை தூக்கினது போலத் தெரியும். போதாததற்கு, முதல் நாளே அதே பாடத்தை ஒரு தரம் நடத்திக் கேள்வி பதிலை ஒத்திகையும் பார்த்துவிடுவார்கள்.

பள்ளியின் சோசியல் சார்தான் பயிற்சிப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார். மதுரைப் பக்கத்துக்காரர், ரிட்டயர் ஆக இருந்தவர். நல்ல மனுஷர். ஒரு பிள்ளையையும் அடித்து நான் பார்த்ததில்லை. பயிற்சிப் பெண்களை எங்கள் கூடத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார வைத்து அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"எனக்கு ஒத்திகை வேணாம் சார்" என்றாள் இவள்.

"இது ஏமாத்து இல்லம்மா. வெளியாளு முன்னாடி ஒரு பிள்ள பதில் தெரியாம முழிச்சுக்கிட்டு நின்னா அதுக்கு எம்புட்டு அவமானம். அதுக்காகத்தான். எல்லாப் பிள்ளையும் கை தூக்குது, யாருக்கும் தலைகுனிவு இல்ல."

"அப்ப தெரியாத புள்ளைய எப்ப சார் கேப்பீங்க?"

"மத்த நாள்ல கேக்கலாம்ல."

"மத்த நாள்ல கேக்குறீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடத்த முடிக்கணும்லம்மா" என்றார் மெதுவாக. அவர் போன பிறகு, கூட இருந்த பெண்களில் ஒருத்தி இவள் மேல் பாய்ந்தாள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தினமும் அச்சிறுபாக்கத்திலிருந்து வந்து போகிறவள்.

"நீ பெயிலானா உன்னோட போவும். நாங்க ஒத்திகை பாத்தது வெளிய வந்தா எல்லாருக்கும் போச்சு. நீ பாட்டுக்கு எதையாவது போட்டு ஒடைக்காத."

"உங்க கிளாஸைப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க எப்பிடி வேணா நடத்துங்க. என் கிளாஸுல வேணாம். அவ்ளோதான்."

"சத்தியமா?"

"பொய் சொல்ல மாட்டேன்னு உனக்கே தெரியும். அப்பறம் சத்தியம் எதுக்கு?"

பரீட்சை அன்று வந்தவர்கள் ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும். அந்த அம்மா வேறொரு பி.எட். காலேஜில் முதல்வராம். மற்ற நாலு பேரும் ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவில் நடத்தினார்கள். எல்லாம் எண்ணெய் போட்டது போல ஓடியது. கடைசியாக இவள் மட்டும் பி பிரிவு. எங்கள் சமையல் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த வகுப்பு. சாம்பாரைக் கிண்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கலாம், கேட்கலாம்.

பாடம் இடப்பெயர்வு. என்னிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டாள். "ஜனங்க ஏன் சொந்த ஊரை வுட்டு வேற ஊருக்குப் போறாங்க?"

அவள் ஒத்திகை பார்க்கவில்லைதான். ஆனால் பிள்ளைகளுக்கு அது வருடக்கணக்கில் பழகிப்போன பழக்கம். கடைசி பெஞ்சில் வெளியாட்களைப் பார்த்ததும் தன்னால் கைகள் எழுந்தன. ஏழெட்டு வலது கை. மற்றதெல்லாம் இடது.

அவள் ஒரு முறை எல்லாக் கைகளையும் பார்த்தாள். "ரோஸ்லின், நீ சொல்லு."

ரோஸ்லின் வாயாடிப் பெண். படிப்பில் சுமார். தூக்கிய கையை இறக்காமல் எழுந்து நின்றாள்.

"மிஸ், இது லெப்ட் கை மிஸ்."

"தெரியுது. சொல்லு."

"லெப்ட் கையைக் கேக்கக் கூடாது மிஸ். ரைட்டு கைங்களைக் கேளுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்து, சிரித்த வேகத்திலேயே அடங்கியது. வராந்தாவில் மற்ற நாலு பெண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். சோசியல் சார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். என் கரண்டி நின்றுவிட்டது.

"என்னம்மா அது, லெப்ட்டு ரைட்டுன்னு?" என்று அந்த ஐயா எழுந்தார்.

பதில் சொல்ல அவள் நேரம் எடுத்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். வராந்தாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியாதவங்க இடது கை தூக்குவாங்க சார்."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"அதை நான் சொல்ல மாட்டேன் சார்."

"சொல்ல மாட்டேன்னா?"

"எதுக்கு ஆரம்பிச்சாங்க, யாரு ஆரம்பிச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு எதுக்கு ஒதவுதுன்னு சொல்றேன். எந்தப் புள்ளைக்குத் தெரியலன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடுது. அவங்களைத்தான் நான் கேக்கணும். தெரிஞ்சவங்களுக்கு நான் எதுக்கு சார்?"

ஐயா அந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போகுது, நடத்துங்க" என்றார்.

ரோஸ்லின் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். இவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

"தெரியாது மிஸ்" என்றாள் ரோஸ்லின். "எங்கம்மா கள்ளக்குறிச்சியில கரும்பு வெட்டினாங்க. அப்பறம் இங்க வந்துட்டாங்க. ஏன்னு நான் கேட்டதில்ல."

"கரும்பு வெட்டுறது எப்பிடி இருக்கும்னு சொல்லியிருக்காங்களா?"

"கையெல்லாம் கிழிக்குமாம் மிஸ். இங்க கம்பெனியில கிளவுசு குடுக்குறாங்கன்னு சொல்வாங்க."

அதை அவள் போர்டில் எழுதினாள். கிளவுஸ் என்று. அடுத்து இன்னொரு இடது கை. ஜன்னலோரத்துப் பையன்.

"நாங்க எங்கியும் போவல மிஸ். எங்க நெலத்துல கம்பெனி வந்துச்சு. நாங்க அதே வூட்லதான் கீறோம்."

"அப்ப நீ இடம் பெயர்ந்தியா, இல்லியா?"

"தெரியல மிஸ்."

"பெயரல மிஸ், அவன் வூடு அங்கியேதான கீது" என்றது ஒரு குரல்.

"வேலை மாறிடுச்சு இல்ல? அவங்கப்பா இப்ப செக்யூரிட்டி" என்றது இன்னொன்று.

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து புத்தகத்திலிருக்கும் விளக்கத்தை மனப்பாடமாகச் சொன்னாள். சொல்லி முடித்து அவளே, "மிஸ், இதுல இவன் வரவேயில்லயே" என்றாள். அவ்வளவுதான். வகுப்பு சந்தை ஆகிவிட்டது. ஆளாளுக்கு அவர்கள் வீட்டுக் கதை. இவள் ஒவ்வொரு முகமாகப் போய் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் மணி அடித்துவிட்டது. கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள் எழுதின சார்ட் சுருட்டினபடியே மேஜையில் கிடந்தது.

தலைமையாசிரியர் அறைக்கு டீ கொண்டுபோனது நான்தான். அந்த அம்மா அவளை எதிரில் நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். சோசியல் சாரும் இருந்தார்.

"எனக்கு உன் கிளாஸ் பிடிச்சிருந்தது. பொய் சொல்லல. ஆனா நான் மார்க் போடுற தாள்ல 'பிடிச்சிருந்தது'ன்னு ஒரு கட்டம் இல்லம்மா. தொகுத்துச் சொல்லல, மதிப்பீடு இல்ல, வீட்டுப்பாடம் இல்ல. பாடம் பாதியில நிக்குது. இதை வெச்சு நான் பாஸ் போட முடியாது."

அந்த அம்மா மார்க் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒண்ணு செய்யலாம். சாப்பிட்டுட்டு ஏ பிரிவுல ஒரு தடவை நடத்து. அந்தப் பிள்ளைங்க தயாரா இருக்காங்க. நான் இருந்து பாத்துட்டுப் போறேன். ஐயாவும் சரின்னுட்டார்."

அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "பெரிய மனசு மேடம்" என்று சார் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும், சரி என்று சொல்லிவிடேன் என்றுதான் இருந்தது. டீ தட்டைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தேன்.

"பி பிரிவுலயே மிச்சத்தை முடிக்கட்டுமா மேடம்? நீங்க உக்காந்து பாருங்க."

"விட்ட இடத்துலேருந்து நடத்த விதி இல்லம்மா. ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் ஒரே பீரியட்ல இருக்கணும்."

"அப்ப வேணாம் மேடம்."

"அவசரப்படாத. ஒரு வருஷம் போயிடும். மறுபடி பீஸ் கட்டணும், மறுபடி வந்து நிக்கணும்."

"ஏ பிரிவு புள்ளைங்களுக்கு நான் கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும் மேடம். அங்க போய் நான் கேக்கற மாதிரி நடிக்கணும், அவங்க சொல்ற மாதிரி நடிக்கணும். அதுக்கு எனக்கு மார்க்கு வேணாம்."

"அடுத்த வருஷமும் இப்படியே வந்து நின்னா?"

"அப்பவும் இப்பிடித்தான் நடத்துவேன் மேடம். கொஞ்சம் வேகமா நடத்துறேன்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

அந்த ஒரு வருடம் அவளுக்குப் போய்த்தான் போனது. மறு வருடம் வேறொரு பள்ளியில் பாடம் நடத்திப் பாஸ் ஆனாள். தொட்டும் தொடாத மார்க். தகுதித் தேர்வும் எழுதி முடித்துவிட்டாள். அரசு வேலைக்கு அழைப்பு வரட்டும் என்று இருக்கிறாள். அதுவரைக்கும் ஒரு தனியார் பள்ளியில் வேலை. இதுவரை மூன்று பள்ளி மாறியாகிவிட்டது. ஏன் என்று நான் கேட்பதில்லை.

அன்றைக்கு அறையை விட்டு வெளியே வந்தவள் நேராகச் சமையல் கூடத்துக்கு வந்தாள். தட்டில் சோறு போட்டு சாம்பார் ஊற்றிக் கொடுத்தேன். வெளியே பெரியவர்களுக்கென்று பயிற்சிப் பெண்கள் பணம் போட்டுச் சொல்லியிருந்த பிரியாணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு கை அப்படியே நின்றது.

"இன்னும் ஒரு வருஷம் நைட் ஷிப்டுக்கா" என்றாள்.

அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். எனக்கு ஆறுதலாகப் பேசத் தெரியாது. ஒரு முட்டையை எடுத்துத் தட்டில் வைத்தேன். பிள்ளைகளுக்கு எண்ணி வருகிற முட்டை, அதைக் கொடுக்கக் கூடாது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். "ஒரு புள்ளைக்குக் கொறையும்" என்றாள். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிவைத்தாள்.

அச்சிறுபாக்கத்துப் பெண் வாசலில் வந்து நின்றாள். "நீ எங்க பேரைச் சொல்லிடுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"சொல்லலியே. போ, போய் பிரியாணி சாப்புடு. நானும்தான் பணம் குடுத்திருக்கேன், என் பங்கையும் சேத்து சாப்புடு."

மதியம் பி பிரிவுக்கு விளையாட்டு பீரியட். பி.டி. சாரிடம் போய் அந்த பீரியடைக் கேட்டு வாங்கினாள். வெயிலில் நிற்க வேண்டாம் என்று அவரும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார். பெரியவர்கள் இரண்டு பேரும் காரில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சோசியல் சார் அவர்களை வழியனுப்பக் கேட் வரைக்கும் போனார். திரும்பி வரும்போது தன் அறைக்குப் போகாமல் பி பிரிவு வாசலில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், காலையில் அவர்கள் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மார்க் போட இப்போது யாரும் இல்லை. விளையாட்டு போனதே என்று முனகிக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். போர்டில் காலையில் எழுதினது அழியாமல் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வகுப்பைப் பார்த்தாள்.

"எங்க வுட்டோம்?"

யாரும் கை தூக்கவில்லை. ஜன்னலோரத்துப் பையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னான்.

"எங்க நெலத்துல வுட்டோம் மிஸ்."

"சரி" என்று அவள் சாக்பீஸை எடுத்தாள். "அங்கருந்தே ஆரம்பிப்போம்."